நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். கிள்ளான், மேரு. விடியுமுன் பிடித்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. வெப்பம் இருபத்தைந்து பாகை. கிழக்கே இடி கேட்டது, மின்னல் தெரியவில்லை.

இவ்வளவையும் நாட்குறிப்பின் தலைப்பில் எழுதிய பிறகுதான் உஷாராணி எந்தக் கடிதத்தையும் பிரிப்பாள். வானிலைக்கும் ஏற்றுமதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்கு, நனைந்த மரம் எடை கூடும் என்று பதில் சொல்வாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

சபாபதியின் மரச்சாமான் தொழிற்சாலையில் ஏற்றுமதி ஆவணங்கள் அவள் பொறுப்பு. இருபத்தேழு ஆண்டுகளாக அந்த நாற்காலி அவளுடையது. இங்கே ரப்பர் மரத்தில் செய்யும் மேசைகளும் அலமாரிகளும் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகும். அவற்றுக்கு முன்பாக அவளுடைய கையொப்பம் போகும். நிறுவனத்தின் பெயரால் உறுதிமொழி கொடுக்க அதிகாரம் பெற்றவர்கள் இருவர்தாம்: முதலாளி சபாபதி ஒருவர், உஷாராணி மற்றவர். இருவரும் ஒப்பமிடாத தாள் அந்த வாசலைத் தாண்டாது.

அன்று வந்திருந்தது, அமெரிக்கக் கொள்முதல் நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்கு அனுப்பும் வினாப்படிவம். அறுபத்தொரு பக்கம். வரிக்கு வரி அளவுகோலை இறக்கிக்கொண்டே படிப்பது அவள் பழக்கம். அதைப் பார்த்து அலுவலகத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. அந்த அளவுகோலால் தப்பித்தவர்களும் அவர்களேதாம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், பதினான்காம் பிரிவில் அளவுகோல் நின்றது.

"2004ஆம் ஆண்டு முதல் கீல்களையும் பிற உலோக உறுப்புகளையும் சீனாவிலிருந்து வாங்கும் முடிவை எங்கள் சொந்த விருப்பத்தின்படி நாங்களே எடுத்தோம். கொள்முதல் நிறுவனம் இதுகுறித்து எங்களுக்கு எந்த அறிவுறுத்தலும் வழங்கவில்லை என்று உறுதி கூறுகிறோம்."

அவள் இருமுறை படித்தாள். மூன்றாம் முறைக்குத் தேவை இருக்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் சிறிதாக ஒரு பெருக்கல் குறி இட்டாள். படிவத்தை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

சபாபதிக்கு அறுபத்து மூன்று வயது. காப்பாரில் இரண்டு ரம்பங்களோடு தொடங்கி, நூற்று நாற்பது பேருக்கு வேலை கொடுக்கும் இடத்துக்கு வந்தவர். நல்ல மனிதர், இக்கட்டு வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"பாஸ், பதினாலாவது பிரிவு பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்தே அவங்க கோலாலம்பூர் ஆபீஸ்ல இருந்து குகன் போன் பண்ணான். ஒரு வரிதானே லா, உஷா."

"ஒரு வரிதான். மிச்ச அறுபது பக்கத்துக்கும் இப்பவே சைன் போடுறேன். இந்த வரிக்குப் போட மாட்டேன்."

"அங்க அவங்க கவர்மெண்ட் விசாரிக்குது. சைனா சாமான் எப்படி உள்ள வந்துச்சு, யார் சொல்லி வந்துச்சுன்னு. அவங்க தலை தப்பணும். அதுக்கு நம்ம சைன் வேணும். குடுத்தா அடுத்த சீசன் ஆர்டர் நம்மளுக்கு. இல்லன்னா வியட்நாம்."

"நம்ம தலை?"

"நம்ம தலைய யாரு கேக்கப் போறா?"

"இன்னிக்கு யாரும் கேக்க மாட்டாங்க. இத சைன் போட்டுக் குடுத்துட்டா, நாளைக்கு அவங்களுக்கு வேற மாதிரி தோணும்போது இந்தத் தாள வெச்சே கேப்பாங்க."

சபாபதி கண்ணாடியை மிகவும் சுத்தமாகத் துடைத்து முடித்தார். "வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்குக் குகன் வந்து வாங்கிக்குவான். நீ போடலன்னா சைன் பவர வேற ஆளுக்கு மாத்தணும். ரெசலூஷன் டைப் பண்ணச் சொல்லிட்டேன். நூத்து நாப்பது பேரு, உஷா. கோவப்படாத."

"கோவம் இல்ல பாஸ். டைப் பண்றவங்கள என் பேரச் சரியா அடிக்கச் சொல்லுங்க. போன தடவ 'ராணி'ய விட்டுட்டாங்க."

ஆவண அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் இல்லை, ஆகவே வெயிலும் இல்லை, தாள் மஞ்சளாவதும் குறைவு. ஆண்டு வாரியாக அடுக்கியிருந்த கோப்புகளில் பழையவற்றை உஷாராணி கீழே இறக்கினாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த 1998இல் இந்தப் படிவம் இரண்டே பக்கம். மரம் உலர்ந்ததா, மெருகு உரியுமா என்று கேட்டது. அத்துடன், எல்லாச் சந்தைகளும் திறந்துவிட்டால் உலகில் சண்டையே ஒழியும் என்று பளபளப்பான தாளில் ஒரு சிற்றேடும் வந்தது. எதிரி இல்லாத வல்லரசு தாராளமாகப் பேசியது. 2002இல் அதுவே பதினொரு பக்கமாயிற்று. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்திருந்தன. மேருவில் வேலியின் உயரம் எவ்வளவு என்று கேட்டார்கள். கொள்கலனுக்குப் பக்கத்தில் போகும் ஒவ்வொருவரின் முழுப்பெயரையும் கேட்டார்கள்.

அந்தப் பெயர்ப்பட்டியலில் முகமது ரஃபீக் இருந்தார். இராமநாதபுரத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்; சரக்கேற்றும் பிரிவில் அவரைப்போல் இடைவெளியில்லாமல் பெட்டி அடுக்க ஆள் கிடையாது. அவருடைய பெயர் அங்கே ஏதோ ஒரு பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போவதாகவும், தெளிவு கிடைக்கும்வரை அவரைக் கொள்கலன் பக்கம் விட வேண்டாம் என்றும் தொலைநகல் வந்தது. மூன்று சொல்லில் உஷாராணி பதில் அனுப்பினாள்: நோட்டட் வித் தேங்ஸ். இந்த ஊர் அலுவலகங்களில் எந்தக் கடிதத்துக்கும் அதுதான் பதில். பார்த்துக்கொண்டோம், நன்றி. கப்பல் தாமதமானாலும் அதுதான். பக்கத்து மேசைக்காரர் இறந்துபோனாலும், இறுதிச் சடங்கு எத்தனை மணிக்கு என்ற அறிவிப்புக்கு அதுதான். ரஃபீக்கை மரக்கட்டைகள் கிடக்கும் பின்முற்றத்துக்கு மாற்றினார்கள். ஏழு மாதம் கழித்து 'பொருத்தம் இல்லை' என்று ஒரு வரி வந்தது. அதற்குள் அவர் அனுமதியைப் புதுப்பிக்காமல் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்கும் அவள் அதே மூன்று சொல்லைத்தான் அனுப்பியிருந்தாள். இரண்டு தாள்களும் கோப்பில் அடுத்தடுத்து இருந்தன.

எல்லாப் படிவங்களும் தீயவை என்று சொல்லிவிட முடியாது. 2020இல் வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் யார் கையில் இருக்கின்றன என்று கேட்டது. சபாபதியின் இரும்புப் பெட்டியில் இருந்தன. மறுநாளே அவை உரியவர்களிடம் போயின. நல்ல கேள்விதான், அந்த நாட்டுக்கு அது தோன்ற அத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை அவள் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

அவள் தேடியது 2004. கிடைத்தது. வெப்பத்தாளில் வந்த தொலைநகல்கள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும் என்பதால், வந்த நாளிலேயே நகலெடுத்து மூலத்தை அதன் பின்னால் செருகுவது அவள் வழக்கம். மூலம் இப்போது வெற்றுத் தாள். நகலில் ஒவ்வோர் எழுத்தும் இருந்தது. உச்சியில் அனுப்பிய எண், நாள், மணி, நிமிடம். 'சீனா இனி நம் வணிகக் கூட்டாளி. உங்கள் சொந்தக் கீல் பிரிவின் விலை ஏற்கத்தக்கதல்ல. அடுத்த பருவம் முதல் கீழ்க்காணும் குவாங்டொங் ஆலையிலிருந்து மட்டுமே வாங்கவும்.' கீழே ஆலையின் முகவரி.

"விளக்கு எரியுதேன்னு பாத்தேன்." வாசலில் இராஜம்மா நின்றாள். மரத்தூள் படிந்த முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. தேய்ப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். உஷாராணியைவிட ஐந்து வயது மூத்தவள். "சைன் போட மாட்டேங்கிறியாமே? கேன்டீன் பூரா அதான் பேச்சு."

"ஆமாக்கா."

"உனக்கென்ன. நீ படிச்சவ, சுபாங் ஜெயாவுல நாளைக்கே ஒரு ஆபீஸ் கூப்பிடும். எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அம்பத்தாறு வயசுல எவன் என்னய மரம் தேய்க்கக் கூப்பிடுவான்? ஒரு கிறுக்கல் போட்டா உன் விரல் தேஞ்சா போகும்?"

உஷாராணி பதினான்காம் பிரிவைத் தமிழில் வாய்விட்டுப் படித்தாள். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தேய்ப்புப் பிரிவுக்கு வருமுன் இராஜம்மா வேலை பார்த்தது கீல் பிரிவில். அதில் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். 2004இல் பிரிவை மூடியபோது நான்கு பேருக்குத்தான் வேறு இடம் கிடைத்தது.

"நாமளாவே முடிவு பண்ணோமா?" என்றாள். "அப்படியா எழுதியிருக்கு?"

"அப்படித்தான்."

"அன்னிக்கு பாஸு கேன்டீன்ல ஒரு தாளத் தூக்கிக் காட்டுனாரு. 'இது என் முடிவு இல்லம்மா, அமெரிக்காக்காரன் முடிவு'ன்னு. அத நம்பித்தான் நாங்க அவர ஒரு வார்த்த திட்டாமப் போனோம்."

"இந்தத் தாள்தான்."

இராஜம்மா அதை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குப் படிக்க வராது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் மாலை, கொமுட்டர் ரயிலில் இறங்கி உஷாராணி பிரிக்பீல்ட்ஸில் தன் அடுக்குமாடிக்கு நடந்துகொண்டிருந்தபோது குகன் அழைத்தான். பக்கத்தில்தான் இருக்கிறானாம்; ஒரு தே தாரிக் குடிக்கலாமாம். கொள்முதல் நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகத்தில் அவன் அதிகாரி. நாற்பதை எட்டாத வயது. சட்டையில் மடிப்புக் கலையாது.

"அக்கா, வடை சாப்பிடுங்க. இங்க நல்லாருக்கும்."

"நான் இருபது வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன், தம்பி."

அவன் சிரித்தான். "சரி, நேரா பேசுறேன். அமெரிக்கா ஒரே மாதிரி நிக்காது. நேத்து பார்ட்னர்னுச்சு, இன்னிக்கு எனிமிங்குது. நாளைக்கு மறுபடியும் கட்டிப்புடிச்சுக்கும். நாம சின்ன நாடு, சின்ன கம்பெனி. காத்தடிக்கிற பக்கம் சாஞ்சுட்டுப் போகணும்."

"சாயலாம். இவ்ளோ நாளும் சாஞ்சுதான் நின்னோம். இப்ப நீங்க கேக்குறது அது இல்லையே. காத்தே அடிக்கல, நாங்களாத்தான் விழுந்தோம்னு எழுதித் தரச் சொல்லிக் கேக்குறீங்க."

குகன் கைபேசியை எடுத்து, ஒரு படத்தைத் திறந்து அவள்முன் வைத்தான். "இது உங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். 2004, தொழிற்சாலையின் தாள், நடுவில் மூன்று சொல், கீழே அவள் பெயர்.

"நோட்டட் வித் தேங்ஸ். தேங்ஸ் வேற சொல்லியிருக்கீங்க, அக்கா. எங்க லாயர் இத சம்மதம்னுதான் சொல்வாரு."

"எதுக்குத் தேங்ஸ் சொன்னேன்னு அதுல இருக்கா?"

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இல்ல."

"அப்ப நான் எதுக்குப் பதில் போட்டேனோ அந்த லெட்டர்?"

"ஹெட் ஆபீஸ்ல இல்ல. சிஸ்டம் மாத்துனப்போ போயிடுச்சாம்."

"என் பதில் மட்டும் போகலையா?"

குகன் தேநீரைக் குடித்தான். அது ஆறியிருந்ததால், குடிக்க அதிக நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

உஷாராணிக்கு அப்போதுதான் எல்லாம் ஒரு நூலில் கோத்ததுபோல் விளங்கியது. அவர்களிடம் கட்டளை இல்லை; கட்டளைக்குத் தலையாட்டியது மட்டும் இருந்தது. அந்த வசதியை அவர்களுக்குச் செய்து கொடுத்தவள் அவள்தான். எதைப் பார்த்தாள், எதற்கு உட்பட்டாள் என்று ஒரு சொல் எழுதாமல் இருபத்தேழு ஆண்டு நன்றி தெரிவித்திருக்கிறாள். அளவுகோல் வைத்துப் படித்தவள், அளவுகோல் வைத்து எழுதவில்லை.

"அக்கா, இது போச்சுன்னா உங்க ஆளுங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும் வேலை சுசாதான், நிலைக்கிறது கஷ்டம்," என்றான் குகன். குரலில் இப்போது சட்டையின் மடிப்பு இல்லை. "அந்த லெட்டர் காப்பி உங்ககிட்ட இருக்கா?"

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வாங்க, தம்பி. லேட் பண்ணாதீங்க." தன் தேநீருக்கான காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். அவன் மறுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை மழை இல்லை. உஷாராணி ஒரு பக்கத்தில் கடிதத்தை அடித்தாள். எட்டு முறை திருத்தினாள். ஒவ்வொரு முறையும் அது சுருங்கியது. படிவத்தின் மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் நிறுவனம் உறுதி கூறுகிறது. பதினான்காம் பிரிவு உண்மைக்கு மாறானது; அதை நிறுவனம் மறுத்து, கோடிட்டு நீக்கித் திருப்பி அனுப்புகிறது. கீல்கள் சீனாவிலிருந்து வாங்கப்பட்டது இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன எண்ணிலிருந்து வந்த உங்கள் எழுத்துமூலக் கட்டளையால். அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அந்த நாளில் எங்கள் கீல் பிரிவில் இருபத்திரண்டு பேர் பணியாற்றினர். உங்கள் நாட்டின் கொள்கை மாறுவது உங்கள் உரிமை. அது மாறியதற்கான பொறுப்பு எங்களுடையதன்று.

கடைசியில் வழக்கமான மூன்று சொல்லுக்கு விரல்கள் தாமாகவே நகர்ந்தன. அவள் அவற்றை நிறுத்தினாள். தன் ஒப்பத்தை இட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குச் சபாபதியின் மேசையில் இரண்டு தாள்கள் அருகருகே இருந்தன. ஒன்று, உஷாராணியின் கையொப்ப அதிகாரத்தை நீக்கும் தீர்மானம். அவள் பெயர் இம்முறை முழுமையாக அடிக்கப்பட்டிருந்தது. மற்றது, அவளுடைய கடிதம். இரண்டுக்கும் தேவைப்பட்டது அவருடைய ஒப்பம் மட்டும்.

குகன் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமல் இராஜம்மா உள்ளே வந்தாள், வாசலோடு நின்றாள்.

"உன் தேய்ப்பு லைன் ஓடிட்டு இருக்கில்ல?" என்றார் சபாபதி.

"ஓடுது பாஸ். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். அன்னிக்கு கேன்டீன்ல எங்ககிட்ட சொன்னது பொய்யா, இல்ல இன்னிக்கு நீங்க சைன் போடப் போறது பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. கீல் பிரிவுல இருந்த மத்த பொம்பளைங்க போன் பண்ணிக் கேக்குறாங்க."

சபாபதியின் கை கண்ணாடிக்குப் போயிற்று, ஆனால் கழற்றவில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த நகலை எடுத்தார். உச்சியிலிருந்த நாளையும் மணியையும் படித்தார்.

"இதத்தான் தூக்கிக் காட்டுனேன்," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு உஷாராணியிடம்: "ரஃபீக் விஷயத்துக்கும் இதுக்குப் போட்ட அதே பதிலத்தானே போட்டோம்?"

"அதே மூணு வார்த்தைதான், பாஸ். சைன் என்னுது."

"அனுப்பச் சொன்னது நான்."

குகன் முன்னால் சாய்ந்தான். "அங்கிள், ஒரு நிமிஷம் யோசிங்க. இத நான் கொண்டு போனா ஆர்டர் வியட்நாமுக்குத்தான் போகும்."

"வியட்நாமா?" சபாபதி முதல் முறையாகச் சிரித்தார். "நான் பள்ளிக்கூடம் போன காலத்துல அங்கதான்டா குண்டு போட்டுட்டு இருந்தாங்க. இப்ப அவன் நல்லவன், நான் கெட்டவன். போகட்டும். அவனுக்கும் ஒரு நாள் இதே மாதிரி ஒரு வரி வரும். அப்ப என் நம்பர குடு, பேசச் சொல்லு."

"நூத்து நாப்பது பேரு, அங்கிள்."

"தெரியும். அந்தக் கணக்கச் சொன்னவனே நான்தான். வேற ஆர்டர் தேடுவேன். கிடைக்காமலும் போகலாம். ஆனா இந்தம்மா மூஞ்சியப் பாத்து, இருபது வருஷம் முன்னாடி உன்கிட்ட பொய் சொன்னேன்னு சொல்ல என்னால முடியாது லா. ஏன்னா நான் சொல்லல."

இராஜம்மா வாசலிலிருந்து நகரவில்லை. அவள் முகத்தில் மகிழ்ச்சி என்று எதுவும் இல்லை. நான்கு ஆண்டுக் கணக்கை அவள் மறந்துவிடவில்லை. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

சபாபதி தீர்மானத்தை எடுத்து, ஒப்பமிடாமல், இழுப்பறைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. பேனாவைத் திறந்து, கடிதத்தில் உஷாராணியின் பெயருக்கு மேலே தன் பெயரை இட்டார். படிவத்தைப் புரட்டி நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். உஷாராணி அளவுகோலை நீட்டினாள். அதை வைத்துப் பதினான்காம் பிரிவின்மேல் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் இருவரும் சிற்றொப்பம் இட்டார்கள். கம்பெனி சாப் என்று எல்லோரும் சொல்லும் ரப்பர் முத்திரையை அவள் மையில் ஒற்றி, கடிதத்தின் அடியில் நேராக அழுத்தினாள். அது எப்போதும் சற்றுச் சாய்ந்து விழும், இம்முறை சாயவில்லை.

பிறகு கடிதத்தின் இன்னொரு பிரதியைக் குகன் பக்கம் நகர்த்தினாள். "வாங்கிக்கிட்டதா எழுதி சைன் போடுங்க, தம்பி."

குகன் பேனாவை எடுத்தான். 'ரிசீவ்ட் வித்' என்று எழுதும்வரை அவன் கை பழகிய வேகத்தில் ஓடியது.

"அது வேணாம்," என்றாள் உஷாராணி. "அடிச்சுட்டு, எத வாங்கிக்கிட்டீங்கன்னு எழுதுங்க. எத்தன பக்கம், எந்தப் பிரிவு நீக்கியிருக்கு, என்ன காப்பி இணைச்சிருக்கு. நாளும் மணியும் போடுங்க."

அவன் அவளைப் பார்த்தான், சபாபதியைப் பார்த்தான், எழுதினான். நான்கு வரி ஆயிற்று. அவள் அளவுகோலை இறக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, தலையசைத்தாள்.

பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்குச் சபாபதி எழுந்து நின்றார். படிவத்தையும் அதன்மேல் கடிதத்தையும் சேர்த்து இரண்டு கையாலும் நீட்டினார். குகனும் எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.